கெர்னல் ரோம் செத்துவிட்டால் எந்தச் சிப்பைப் போடுவது?

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கம் கராஜைக் காலி செய்கிறவர்கள் கையில் 1980களின் வீட்டுக் கணினியான கொமடோர் 64 இன்னும் அகப்படுகிறது. பாதி வேலை செய்யும், பாதி கறுப்புத் திரையோடு நிற்கும். கறுப்புத் திரைக்குக் காரணம், மெஷினை எழுப்புகிற கெர்னல் என்ற நிரல் நிரந்தரமாக எழுதியிருக்கிற ரோம் சிப் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி பணத்தைப் பற்றியது. பழைய அசல் சிப்பையே தேடுவதா, நாமே நிரலை எழுதிக்கொள்ள முடிகிற ஈப்ரோம் என்ற காலிச் சிப்பை வாங்கி வீட்டிலேயே எழுதிக்கொள்வதா, எழுதித் தருகிறவரிடம் கொடுத்துவிடுவதா? ஈப்ரோம் என்றால் கண்ணாடி ஜன்னல் வைத்ததா, மின்சாரத்தாலேயே அழிகிற வகையா, ஒரே தடவை எழுதுகிற வகையா?

இணையத்தில் பெரும்பாலோர் அழித்து எழுத முடிகிற சிப்பைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கெர்னல் ரோமில் உள்ளது 1980களில் எழுதி முடித்த 8 கிலோபைட். அதற்குப் பிறகு அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை, இனி மாறப்போவதுமில்லை. மாறாத ஒன்றை வைக்கிற சிப்பை ஏன் அழிக்க வேண்டும்? சிப் போலியில்லாததா, கால்கள் சரியான இடத்தில் போய் உட்காருமா என்ற இரண்டும்தான் அதைவிட முக்கியம்.

முதலில் குற்றவாளி ரோம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரை என்றால் முதல் சந்தேகம், எந்த நேரத்தில் எந்தச் சிப் பேச வேண்டும் என்று தீர்மானிக்கிற பிஎல்ஏ சிப்மேல், அடுத்தது ராம்மேல், அதற்கப்புறம்தான் கெர்னல்மேல் போக வேண்டும். பேசிக் மொழி இருக்கிற பேசிக் ரோம் போயிருந்தால் திரையும் ஓரமும் நீலமாக வந்து, எழுத்து எதுவும் இல்லாமல் நின்றுவிடும். எழுத்து வடிவங்கள் இருக்கிற கேரக்டர் ரோம் போயிருந்தால் மெஷின் நன்றாகவே ஓடும், எழுத்துக்குப் பதில் குப்பை தெரியும். டெட் டெஸ்ட் என்ற கார்ட்ரிட்ஜ் ஒன்று உண்டு, அதன் எண் 781220. போர்டிலுள்ள ரோம்கள் எதையும் கேட்காமல் அது தானாக ஓடும். அது ஓடி, ராமும் சரி என்று காட்டி, கார்ட்ரிட்ஜை எடுத்ததும் மறுபடி கறுப்பு என்றால் ரோமைச் சந்தேகிக்கலாம். செத்த ரோம் ஒன்று டேட்டா லைனைப் பிடித்துக்கொண்டிருந்தால் டெட் டெஸ்ட்டும் ஓடாது. அப்போது விரலை வைத்துப் பாருங்கள், சுடுகிற சிப் எது என்று அதுவே சொல்லும்.

அதற்கும் முன்னால் பவர் சப்ளை. கொமடோரோடு வந்த பழைய அடாப்டரில் 5 வோல்ட் ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் மேலே ஏறும், ஏறினால் ராம், ரோம் எல்லாம் வரிசையாகப் போகும். மல்டிமீட்டரில் 5.25-ஐத் தாண்டினால் அந்த அடாப்டரை இனி மெஷினில் செருகவே கூடாது. லோட் ஷெடிங் பழகிய நம் ஊரில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றி வையுங்கள். திரும்பி வருகிற அந்த நொடியில் பழைய அடாப்டர் என்ன செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். இதைச் சரிபார்க்காமல் புது ரோம் போட்டால் அதுவும் பழையதன் வழியே போகும்.

சரி, ரோம்தான் என்று வைத்துக்கொள்வோம்.

அசல் ரோம் என்றால் 901227-03 என்று எண் அச்சிட்ட கெர்னல், 901226-01 பேசிக், 901225-01 கேரக்டர். மூன்றும் 24 கால். செத்த இன்னொரு போர்டிலிருந்து கழற்றியதுதான் பெரும்பாலும் கிடைக்கும். போட்டதும் ஓடும், கால்களை மாற்றிப் பொருத்துகிற அடாப்டர் போர்டு வேண்டாம், மெஷின் அசலாகவே இருக்கும். குறை என்னவென்றால், உங்களுடைய சிப் எந்த வயதில் செத்ததோ அதே வயது வந்த இன்னொரு சிப்பைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அதுவும் பல நாட்டுத் தபால் தாண்டி வர வேண்டும். சேகரிப்புக்காக மெஷினை அசலாக வைத்திருக்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். பாப் ஷாப் என்ற இணையச் சந்தையில் யாராவது செத்த மெஷினை மலிவாக விற்றால் மட்டும் யோசிக்கலாம். ஒரு ரோமோடு கீபோர்டு, பெட்டி, வீடியோ சிப் என்று எல்லாமே கையில் வரும்.

இங்கே ஒரு பழைய சிக்கல் குறுக்கே நிற்கிறது. கொமடோரின் 8 கிலோபைட் ரோம் 2364 என்ற வகை, 24 கால். அதே 8 கிலோபைட் கொள்கிற சாதாரண ஈப்ரோமான 2764-க்கு 28 கால். நேராகச் செருக முடியாது. இதைத் தாண்டத்தான் சிலர் மோட்டரோலாவின் 68764 அல்லது 68766-ஐத் தேடுகிறார்கள். 24 காலில் 8 கிலோபைட் கொள்கிற ஈப்ரோம் அது, அப்படியே செருகலாம். ஆனால் சிப் அரிது, விலை அதிகம், எழுத 25 வோல்ட் வேண்டும். சிப்பில் எழுதுகிற கருவிக்கு ப்ரோகிராமர் என்று பெயர், இன்று பலரிடம் இருக்கிற டிஎல்866 டூ ப்ளஸ் ப்ரோகிராமர் 18 வோல்ட்டுக்கு மேல் போகாது. அதற்குப் பின் வந்த டி48-ல் 25 வரை உண்டு. அழகான சிப்தான், அடாப்டர் இல்லாமல் உட்கார்வது பார்க்க நன்றாயிருக்கும். அந்த அழகுக்கு இவ்வளவு விலை தேவையில்லை என்பது என் கணக்கு.

ஆக 28 கால் சிப்பும் ஓர் அடாப்டரும்தான் நடைமுறை வழி. அதற்குள்ளேதான் உண்மையான தேர்வு இருக்கிறது.

கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ரோமை எல்லோருக்கும் தெரியும். 1971-ல் இன்டெலில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த முறை இது. மிதக்கும் ஒரு கேட்டுக்குள் எலெக்ட்ரான்களைத் திணித்து அடைத்து வைப்பது. எழுதினால் 1 என்பது 0 ஆகும். திரும்ப 1 ஆக்க வேண்டுமானால் ஜன்னல் வழியாகப் புற ஊதாக் கதிர் அடித்து அந்த எலெக்ட்ரான்களை வெளியேற்ற வேண்டும். சிப்பைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால் ஜன்னலுக்குள் சிலிக்கான் துண்டும், அதிலிருந்து ஓரத்துக்கு ஓடும் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகளும் தெரியும். இந்தக் காட்சிக்காகவே இதை வாங்குகிறவர்கள் உண்டு, நான் குறை சொல்ல மாட்டேன்.

பிரச்சினை அழிக்கிற விளக்கில்தான். 254 நானோமீட்டர் அலைநீளம் வேண்டும். அது கிருமி நீக்கும் குழாய் விளக்கு, சரியான தூரத்தில் வைத்தால் 15, 20 நிமிடத்தில் அழித்துவிடும். நகப்பூச்சு காய வைக்கிற விளக்கும், ரூபாய் நோட்டுப் பார்க்கிற விளக்கும் 365 முதல் 405 வரை. இரவு முழுக்க வைத்தாலும் சிப் அசையாது. கொரோனா காலத்தில் குவிந்த கிருமி நீக்கும் பெட்டிகள் சிலவற்றில் உண்மையான குழாய் இருக்கிறது, பலவற்றில் நீல வெளிச்சம் மட்டும்தான். உண்மையான குழாய் என்றால் கண்ணையும் தோலையும் சுடும், மூடிய பெட்டிக்குள்தான் எரிய வேண்டும். டர்பன் வெயில் போதாதா என்று கேட்பார்கள். நேர் வெயிலில் ஒரு வாரம் வைத்தால் அழியும் என்று தயாரிப்பாளர்களின் தாள்களே சொல்கின்றன. அறையின் டியூப்லைட்டில் மூன்று வருடம் ஆகலாமாம். அழிக்க இது மிக மெதுவான வழி. ஆனால் எழுதிய பிறகு ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் விடக்கூடாது என்பதற்கு நல்ல காரணம்.

வோல்டேஜையும் கவனியுங்கள். பழைய 2764-க்கு 21 வோல்ட், 2764ஏ-க்கு 12.5, 27சி வகைக்கு 12.5 அல்லது 13. மேலே ஓர் எழுத்து மாறினால் எழுதுகிற வோல்டேஜே மாறும். 12.5 வோல்ட் சிப்புக்கு 21 கொடுத்தால் சிப் போச்சு. சிப்பின்மேல் இருக்கிற எண்ணை முழுதாகப் படித்து, ப்ரோகிராமரில் தயாரிப்பாளர் பெயரோடு சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது, வின்பாண்டின் டபிள்யூ27சி512. இணையம் தலையில் வைத்து ஆடுகிற சிப் இதுதான், ஆடுவதில் நியாயமும் உண்டு. 64 கிலோபைட், 28 கால், ஜன்னல் கிடையாது, ப்ரோகிராமரே 14 வோல்ட் கொடுத்துச் சில நொடிகளில் அழித்துவிடும். விளக்கு வேண்டாம், காத்திருக்க வேண்டாம். ஆனால் வின்பாண்ட் இதைச் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. இன்று விற்பதெல்லாம் பழைய போர்டிலிருந்து பிடுங்கி, கால் நேராக்கி, சில சமயம் மேலே புதிதாக எழுத்து அச்சிட்டது. பத்து வாங்கினால் ஒன்றிரண்டு அழிய மறுக்கும், அல்லது எழுதியது சரிபார்ப்பில் தவறும். அதனால் ஒன்றுக்குப் பதில் ஒரு கட்டாக வாங்குங்கள். வந்ததும் எல்லாவற்றையும் அழித்து, காலியா என்று பார்த்து, எழுதி, சரிபார்த்துவிட்டுத்தான் விற்றவருக்கு நட்சத்திரம் கொடுங்கள்.

மூன்றாவது ஈஈப்ரோம், 28சி64, 28சி256. இதற்கு 5 வோல்ட் போதும், பைட் பைட்டாக மாற்றலாம். ப்ரோகிராமர் இல்லாதவர்கள் ஆர்டுயினோ என்ற சிறிய கணினிப் போர்டு ஒன்றை வைத்தே எழுதிவிடலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். புதிதாக, அங்கீகரித்த கடைகளில் வாங்க முடியும். ஆனால் விலை மற்றவற்றைவிடக் கூடுதல். வீட்டில் ஆர்டுயினோ கிடக்கிறது, ஒரே ஒரு ரோம்தான் வேண்டும் என்கிறவருக்கு இதுவே மலிவு, ப்ரோகிராமர் விலை மிச்சம்.

நான்காவதை யாரும் பேசுவதில்லை. 27சி256, 27சி512 சிப்பிலேயே ஜன்னல் இல்லாத பிளாஸ்டிக் வகை. உள்ளே அதே ஈப்ரோம்தான், வெளிச்சம் போக வழியில்லை, அதனால் ஒரே தடவைதான் எழுத முடியும். ஏடி27சி256ஆர், ஏடி27சி512ஆர் என்று பெரிய விநியோகஸ்தர்களிடம் புதிதாகவே வாங்கலாம். தப்பாக எழுதினால் குப்பைக்குப் போகும், அது உண்மை. ஆனால் கெர்னலை ஒரு தடவை சரியாக எழுதிச் சொருகிய பிறகு அதை அழிக்கிற அவசியம் எங்கிருந்து வரும்? யாரோ பிடுங்கி விற்ற சிப் இல்லை என்கிற நிம்மதிக்கு அந்த ஒரு சிப்பின் விலை அதிகமில்லை. அசல் ரோமை மாற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் என் ஓட்டு இதற்கே.

அடாப்டரைக் காசு கொடுத்து வாங்கலாம், 2364-லிருந்து 2764-க்கு என்று சிறிய போர்டாகவே விற்கிறார்கள். கையில் செய்வதும் கடினமில்லை, எந்தக் கம்பி எங்கே என்று தெரிந்தால் போதும். 28 கால் சிப்பை 24 துளை சாக்கெட்டின்மேல் பின்பக்கம் ஒட்டி வைத்தால் சிப்பின் 3-ஆம் கால் சாக்கெட்டின் 1-ஆம் துளையில் விழும், முன்னால் நான்கு கால் வெளியே தொங்கும். பெரும்பாலான கால்கள் தானாகவே பொருந்திவிடும். பொருந்தாதவை இரண்டு. சாக்கெட்டின் 18-ஆம் துளையில் வருவது ஏ11 முகவரி லைன், அது சிப்பின் 23-ஆம் காலுக்குப் போக வேண்டும். சாக்கெட்டின் 21-ஆம் துளையில் வருவது ஏ12, அது சிப்பின் 2-ஆம் காலுக்கு. ஆகவே சிப்பின் 20, 23 கால்கள் கீழே நேராக இறங்கக் கூடாது. 20-ஐ 22-ஓடு இணைத்துவிடுங்கள், இரண்டும் சாக்கெட்டின் 20-ஆம் துளையில் வரும் தேர்வு லைனுக்குப் போகும். 1, 27, 28 மூன்றும் 5 வோல்ட்டுக்கு. 26 ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. சிப்பின் காலை வளைக்காமல், இரண்டு சாக்கெட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவில் கம்பி ஓட்டினால் பின்னால் சிப்பை மாற்றுவதும் எளிது.

இப்படிக் கட்டினால் பெரிய சிப்பின் மேல் முகவரி லைன்கள் எல்லாம் 1 ஆக நிற்கும், அதாவது மெஷின் சிப்பின் கடைசி 8 கிலோபைட்டை மட்டுமே படிக்கும். கெர்னல் கோப்பைச் சிப்பின் தொடக்கத்தில் எழுதிவிட்டு மறுபடி கறுப்புத் திரையைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறவர்கள் பலர். யோசிக்கவே வேண்டாம், 27சி256 என்றால் கோப்பை நான்கு தடவை, 512 என்றால் எட்டுத் தடவை அடுத்தடுத்து ஒட்டி ஒரே கோப்பாக்கி எழுதிவிடுங்கள். எந்தக் கதவைத் திறந்தாலும் கெர்னலே இருக்கும். கேரக்டர் ரோம் 4 கிலோபைட் என்பதால் அதற்கு இரட்டிப்பு.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். கொமடோர் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. சிப்பின்மேல் வேகத்தைக் காட்டுகிற எண் 15, 20, 25 என்று எதைப் பார்த்தாலும் போதுமானது.

அடாப்டரின் உயரம் கவனிக்க வேண்டியது. பழைய ரொட்டி வடிவப் பெட்டியில் இடம் இருக்கிறது, பிறகு வந்த தட்டையான பெட்டியில் கீபோர்டு இடிக்கும். தட்டை மாடலின் புதிய போர்டில் பேசிக்கும் கெர்னலும் ஒரே 16 கிலோபைட் ரோமில் இருக்கும், அதற்கு 28 கால். ஆகவே உங்களுடையது எந்தப் போர்டு என்று திறந்து பார்த்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

சிப்பை எழுதுவதைவிடப் பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. சில போர்டுகளில் ரோம் சாக்கெட்டில் இருக்கும், பலவற்றில் நேராக ஈயம் வைத்திருக்கும். சிப் செத்தது உறுதி என்றால் அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். உடம்பை ஒட்டிக் கால்களை வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் உருவுங்கள். துளைக்குள் இருக்கிற செப்புப் பூச்சு பிய்ந்துவிட்டால் அதைச் சரிசெய்கிற வேலை ரோம் வேலையைவிட நீளும். புதிதாக வைக்கிற சாக்கெட் கடைந்த துளையுள்ளதாக இருக்கட்டும். கடற்கரை ஈரமும் உப்பும் சேர்ந்த நம் ஊரில் மலிவுச் சாக்கெட்டின் தகடுகள் சீக்கிரம் கறுத்துவிடும். அப்புறம் ஓடுகிற மெஷின் ஒருநாள் ஓடாது, சிப்பை அழுத்தினால் ஓடும், இப்படி விளையாட்டுக் காட்டும்.

இனி செலவு. ஒரு ரோமுக்காக ப்ரோகிராமர் வாங்குவது கட்டுப்படியாகாது. சிப் சில்லறைக் காசு, ப்ரோகிராமர் அப்படியல்ல, அதன்மேல் தபால், 15 சதவீத வாட், கூரியர்காரர் கேட்கிற கையாளும் கட்டணம். எழுதிய சிப்பை அடாப்டரோடு வெளிநாட்டிலிருந்து தருவிப்பது ஒரு மெஷின்காரருக்குச் சரிதான். வாங்குமுன் எந்த வகைச் சிப், புதியதா கழற்றியதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். சாதாரணத் தபாலில் போடச் சொல்லாதீர்கள். எப்போது வரும் என்று காத்திருந்தே ஆசை விட்டுப்போகும். அதைவிட நல்லது, ஊரில் ப்ரோகிராமர் வைத்திருக்கிற ஓர் அண்ணனைப் பிடிப்பது. கார் ரிமோட், பழைய ஆர்கேட் போர்டு, வாஷிங் மெஷின் கார்டு பழுது பார்க்கிறவர்களிடம் அநேகமாக ஒன்று இருக்கும். காலிச் சிப்பையும் எட்டு தடவை ஒட்டிய கோப்பையும் நீங்களே கொண்டுபோனால் ஐந்து நிமிட வேலை. கோப்பு மட்டும் உரிமை உள்ளவர்களிடமிருந்து வந்ததாக இருக்கட்டும், கெர்னலுக்கும் பேசிக்குக்கும் காப்புரிமை இன்னும் காலாவதியாகவில்லை.

இரண்டு மூன்று மெஷின், கூடவே 1541 டிஸ்க் ட்ரைவ், வேறு கெர்னல்களைப் போட்டுப் பார்க்கிற ஆசை எல்லாம் இருந்தால் கணக்கு மாறும். அப்போது ப்ரோகிராமர் வாங்குங்கள், டபிள்யூ27சி512 ஒரு கட்டு வாங்குங்கள். ஒரே சிப்பில் எட்டு கெர்னல் வைத்து, மேல் மூன்று முகவரி லைன்களைச் சுவிட்சில் கட்டினால் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க்கை வேகமாகப் படிக்க வைக்கிற ஜிஃபிடாஸ் போடுகிறவர்கள் கெர்னலை மட்டும் மாற்றி நிறுத்திவிட்டால் அதன் முழுப் பலன் கிடைக்காது, ட்ரைவின் ரோமையும் மாற்ற வேண்டும். பழைய 1541-ல் அதுவும் 24 கால், இன்னோர் அடாப்டர் செலவு. 1541-டூ என்றால் 28 கால்.

மின்சாரத்தால் அழிகிற சிப் கையில் பழகிவிட்டால் பிஎல்ஏவையும் அதிலேயே எழுதிவிடலாமே என்று அடுத்து தோன்றும். பிஎல்ஏவுக்கு 16 உள்ளீடு, 8 வெளியீடு. 27சி512-க்கு 16 முகவரி, 8 டேட்டா. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது, பல போர்டில் ஓடவும் செய்கிறது. ஆனால் முகவரி மாறுகிற இடைவெளியில் ஈப்ரோமின் வெளியீடு ஒரு கணம் தடுமாறும், அதனால் சில போர்டில் சில கார்ட்ரிட்ஜ் மட்டும் காரணம் தெரியாமல் தொங்கும். அதற்கென்றே செய்த மாற்று பிஎல்ஏ வாங்குவது மேல்.

சிப்பைச் சொருகுமுன் அரைவட்ட வெட்டு எந்தப் பக்கம் என்று பக்கத்துச் சிப்பைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டு மின்சாரம் கொடுத்தால் புதுச் சிப் சூடாகிச் செத்துவிடும். நேராக உட்கார்ந்து, காலெல்லாம் துளையில் இறங்கியிருந்தால், சுவிட்ச் போட்ட இரண்டு மூன்று நொடியில் நீலத் திரையில் 38911 பைட் காலி என்று வரும். அந்த எண் குறைந்து வந்தால் ரோம் சரி, இனி பார்க்க வேண்டியது ராம்.